வாசலோடு போன மருந்து

ரஹாங்கிலிருந்து அகதா கொண்டுவந்த தகரப்பெட்டியில் இரண்டு வெள்ளைக் கவுன், ஒரு ஜெபமாலை, நீல அட்டை போட்ட பயிற்சிப் புத்தகம், கோயிலில் மந்திரித்து வாங்கி அம்மா பழைய மருந்துப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த தீர்த்தம், இவ்வளவுதான் இருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி முதல் மூன்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு நான்காவதைக் கையில் எடுத்தார்.

"இது என்னா மருந்து, மிஸ்ஸி?"

"மருந்து இல்லீங்க. மாதா கோயில் தீர்த்தம்."

"புட்டியில ஒரு அவுன்ஸ், ரெண்டு அவுன்ஸுன்னு கோடு இருக்கே."

"பழைய புட்டிங்க. அம்மா கழுவிட்டுத்தான் ஊத்தினாங்க."

"கோடு இருந்தா மருந்துதான். இந்த ஏரியாவுல மருந்து வயித்துல போகலாம், பெட்டியில போகக்கூடாது. குடிச்சிடுங்க."

அவளோடு லாரியில் வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அகதா மனசுக்குள் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொண்டு ஆறு அவுன்ஸ் தீர்த்தத்தையும் குடித்தாள். முனியாண்டி டார்ச் அடித்தார்.

"ஆ காட்டுங்க. நாக்கைத் தூக்குங்க. சரி, உள்ளே போங்க."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, மார்ச் மாதம். மலாயாவில் அவசரகாலம் தொடங்கி நாலாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. பகாவிலிருந்து ஏழு மைல்கட்டை தள்ளி இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் நான்கு டிவிஷன். நான்குக்கும் சேர்த்து இந்த ஒரே ஆஸ்பத்திரி. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றியும் முள்கம்பி, ஆஸ்பத்திரியைச் சுற்றியும் முள்கம்பி. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக்கூடாது, உப்பு போகக்கூடாது என்று ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களின் மடியைத் தினமும் தடவிப் பார்த்தார்கள். அந்த வருஷம் மருந்தும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. மாவட்டக் கமிட்டியிலிருந்து வந்த தாளில் இரண்டே வரிகள். மருந்து ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு வேளை மருந்தும் மருந்தறைப் பொறுப்பாளர் முன்னிலையில் விழுங்கப்பட வேண்டும்.

அகதாவுக்குப் பத்தொன்பது வயது. மருந்து கலக்கும் வேலைக்குப் பயிற்சி எடுக்க அந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் பெண். அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் திருநாவுக்கரசு என்ற பெரிய டிஸ்பென்சர். ஆனால் அவள் வருவதற்கு இரண்டு நாள் முன்புதான் போலீசார் அவரைச் சிரம்பானுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஜொகூர்ப் பக்கம் அவர்கள் தேடிக்கொண்டிருந்த வேறொரு திருநாவுக்கரசு இவர் இல்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்ததாம். இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நிரூபிக்கத்தான் நாளாகும் என்றார்கள்.

டாக்டர் எட்மண்ட் செவ்வாய்க்கிழமை மட்டும் இரும்புத்தகடு அடித்த வண்டியில் வருவார். அகதா நீல அட்டைப் புத்தகத்தை அவர்முன் நீட்டினாள். அதில் இரண்டாயிரம் கட்டங்கள். அவள் கலந்து கொடுக்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாயிரமும் நிரம்பினால்தான் சோதனை எழுதலாம்.

டாக்டர் புத்தகத்தைப் பார்த்தார். கமிட்டி புதிதாக அனுப்பியிருந்த இன்னொரு தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மருந்தறைக்கு இப்போ யார் பொறுப்பாளர்னு இதுல எழுதியிருக்கு தெரியுமா?" என்றார். "ஸ்பெஷல் கான்ஸ்டபிள் முனியாண்டி."

"அவருக்கு மருந்து தெரியாதே, டாக்டர்!"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். கமிட்டிக்குத் தெரியாது. பயிற்சி வாரியத்துக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் அவர்தான் கையெழுத்துப் போடணும்."

முனியாண்டி இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். நாற்பது வயதுக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை மூன்றாம் டிவிஷனில் பால்வெட்டியவர். தமிழில் பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார், அதுவும் நிதானமாக.

"தெரியாததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன், டாக்டரய்யா. அது பொய். நாளைக்குக் கோர்ட்டுல நிக்க வெச்சு, காய்ச்சலுக்கு அந்தாளு குடிச்சது கொயினாதானான்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"வேற என்ன செய்யலாங்கிறீங்க?"

முனியாண்டி யோசித்தார். "நானும் ஒரு சொட்டுக் குடிச்சுப் பார்த்துட்டுப் போடுறேன்."

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. அகதா கலப்பாள். முனியாண்டி கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நோயாளி விழுங்குவார். டார்ச், ஆ, நாக்கு. கடைசியில் நீலப் புத்தகத்தில் கையெழுத்து, பக்கத்தில் ஒரு குறிப்பு. 'கொயினா. கசப்பு சரி.' 'இருமல் தண்ணி. இனிப்பு, கொஞ்சம் காரம், சரி.' 'பேதி உப்பு. சரி. பிறகும் சரி.'

இந்தக் கடைசிக் குறிப்பைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரி ஆயா மார்த்தா சுவரில் சாய்ந்து சிரித்தாள். அகதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையால் அளந்து, குலுக்கி, கலங்கல் இல்லாமல் எடுத்த முதல் மருந்துகளுக்கு இப்படியா ஒரு சான்று என்று புத்தகத்தை மூடி வைத்தாள். ஆனாலும் ஒன்றைக் கவனித்தாள். மூன்றாவது வாரத்தில் முனியாண்டி ஒரு கொயினாத் தண்ணியை நாக்கில் வைத்ததும் முகம் சுளித்து, "இன்னிக்குக் கசப்பு கம்மி, மிஸ்ஸி," என்றார். அவள் திரும்ப அளந்து பார்த்தாள். உண்மைதான். அவசரத்தில் பாதி அளவுதான் போட்டிருந்தாள். அன்றுமுதல் அவர் கண்ணை மூடி நிற்கும்போது அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நோயாளிகள் பாடுதான் பெரும்பாடு. பல்வலிக்காரர் அர்ச்சுனனுக்கு உப்புத் தண்ணியால் வாய் கொப்பளிக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். கொப்பளித்தால் துப்ப வேண்டும், துப்பினால் விழுங்கியதாகாது. அதுவும் உப்பு, கட்டுப்பாட்டுப் பொருள். அர்ச்சுனன் நான்கு நாள் கொப்பளித்துக் கொப்பளித்து விழுங்கினார். பஞ்சாலை என்ற பெண்ணின் ஆறுமாதக் குழந்தையிடம் முனியாண்டி குனிந்து, "நாக்கைத் தூக்கு, ராஜா," என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அது டார்ச்சைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள். மூன்று வேளையைத்தான் பொறுக்க முடியவில்லை. காய்ச்சல் தேறி வேலைக்குப் போகிறவன் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று தடவை மரத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். ஒரு மாதத்தில் பால் குறைந்தது. மேனேஜர் துரை நேரே மருந்தறைக்கு வந்து, மூன்று வேளை மருந்தையும் காலையில் ஒரே மடக்காகக் கொடுத்துவிடும்படி சொன்னார்.

அகதா அளவு கிளாஸைக் கீழே வைத்தாள். "முடியாது, சார். காது அடைச்சிடும், தலை சுத்தும். ஆள் மரத்தடியிலேயே விழுந்திடுவான்."

"அப்படியானால் மருந்தை மரத்துக்குக் கொண்டு போ."

"வாசலைத் தாண்டக்கூடாதுன்னு தாள் இருக்கு, சார்."

துரை தாளைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கமிட்டியைக் கண்டு பயம்தான். முனியாண்டிதான் தொண்டையைச் செருமினார்.

"வாசலைத் தாண்டக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? வாசல் எங்கே இருக்கணும்னு போடலியே."

மறுவாரம் தோட்டத்து ஆசாரி நாலு கால் நட்டு நிற்கிற மாதிரி ஒரு மரவாசல் செய்துகொடுத்தார். கதவு, கொண்டி, மேலே 'ஆஸ்பத்திரி' என்று பலகை, எல்லாம் முறையாக இருந்தன. லாரியின் முன்பக்கம் வாசலை நிறுத்திக் கட்டினார்கள். பின்னால் மருந்துப் பெட்டியோடு அகதா. லாரி எங்கே போனாலும் வாசல் முன்னே போயிற்று. மருந்து ஒருபோதும் அதைத் தாண்டவில்லை. மரத்தடியில் நிறுத்தியதும் வாசலை இறக்கி நடுவார்கள். இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. அந்தப் பக்கம் காடும் ரப்பர் மரங்களும். சுற்றிலும் வெட்டவெளியாக இருந்தாலும் ஒருவரும் பக்கவாட்டில் வரக்கூடாது, கதவைத் திறந்துதான் வர வேண்டும் என்பதில் முனியாண்டி கண்டிப்பாக இருந்தார். பத்து நாளில் மாரியம்மா என்ற களையெடுப்புக்காரி நிலைக்காலில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டாள். அதன்பிறகு பெண்கள் வலதுகாலை வைத்துத்தான் உள்ளே வந்தார்கள்.

போலீஸ் சார்ஜன் யூசோப் ஒருநாள் வந்து பார்த்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த மலாய்க்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். வாசலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போலே லா, நடத்து," என்றார். "ஆனா முனியாண்டி, உன் வேலை வாய். வாயை மட்டும் பாரு. இங்கே அங்கே பாத்துக்கிட்டு நின்னியானா எவனாவது மருந்தை நாக்கடியில ஒளிச்சிடுவான்."

"வாயை மட்டும் பாக்குறேன், சார்ஜன்," என்றார் முனியாண்டி.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம். இரண்டாம் டிவிஷன் ஓரத்தில், காடு தொடங்குகிற இடத்துக்கு இருநூறு அடி இப்பால் வாசல் நடப்பட்டிருந்தது. வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடைசி ஆளை அகதா இதற்குமுன் தோட்டத்தில் பார்த்ததில்லை. முப்பது வயதிருக்கும். கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. காலில் கித்தான் சப்பாத்து. பால்வெட்டுகிறவன் உடம்பில் பால்நாற்றம் இருக்கும்; இவனிடம் நனைந்த இலையும் புகையும் கலந்த வாடை அடித்தது. பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ள நடுங்கிக்கொண்டிருந்தான். அந்த மலேரியா நடுக்கத்தை அகதா மூன்று மாதமாகப் பார்த்து வருகிறாள்.

முனியாண்டி அப்போது அவனுக்கு முன்னால் நின்ற கிழவரின் வாயைச் சோதிக்கக் குனிந்திருந்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் கரண்டி. தோளிலிருந்து துப்பாக்கி நழுவிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்காமலே அதைக் கழற்றி, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோப்பா," என்று பின்னால் நின்றவனிடம் நீட்டினார்.

அந்த ஆள் வாங்கிக்கொண்டான்.

அகதாவுக்கு ஜெபம்கூட நினைவுக்கு வரவில்லை. கிழவர் ஆ காட்டினார். நாக்கைத் தூக்கினார். முனியாண்டி நிதானமாக இடமும் வலமும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நடுங்குகிற ஆள் துப்பாக்கியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"ரொம்ப நாளா எண்ணெய் போடலபோல, அண்ணே. துருப்பிடிச்சிடும்."

"எங்கே நேரம் இருக்கு?" என்றார் முனியாண்டி. "உள்ளே வா. கதவை மூடிட்டு வா."

"பேரு?" என்று அகதா கேட்டாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ராமசாமி."

"எந்த டிவிஷன்?"

அவன் சற்று யோசித்தான். "ஏழு, மிஸ்ஸி."

தோட்டத்தில் நான்கு டிவிஷன்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவன் நெற்றியில் கையை வைத்தாள், சுட்டது. கத்தினால் முனியாண்டி அந்தத் துருப்பிடித்த துப்பாக்கியைத் தூக்குவார், இவன் ஓடுவான், அப்புறம் யார் கீழே கிடப்பார்கள் என்று தெரியாது. கத்தாமல் இருந்தால் நாளை யாராவது புத்தகத்தைப் பார்ப்பார்கள். அகதா 'ஏழு' என்று எழுதினாள். கொயினாவை அளந்தாள். முனியாண்டி ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"கசப்பு சரி. குடி. ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. இது ஏழு நாள் மருந்து, தெரியுதா? ஒரு நாளைக்கு மூணு வேளை. நடுவுல நிறுத்தினா காய்ச்சல் திரும்ப வரும். என்ன மிஸ்ஸி?"

"ஆமாண்ணே," என்றாள் அகதா.

அவன் சாயங்காலமும் வந்தான். மறுநாள் மூன்று வேளையும் வந்தான். ஒரு மத்தியானம் கால்மணி நேரம் பிந்தியதற்கு முனியாண்டி அவனை எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தூரம், அண்ணே," என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் எங்கிருந்து வருகிறான் என்று தெரியாதவர் அங்கே ஒரே ஒருவர்தான். அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் லாரி திரும்புகிறபோது முனியாண்டி, "மிஸ்ஸி, இந்த ஏழாம் டிவிஷன் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

அகதா காட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் அங்கே பார்த்தார். லயத்துக் கம்பிவேலி தெரிந்தபோது, "துப்பாக்கியை வேற அவன் கையில குடுத்தேன்," என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு அவர் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டார். காலையில் போய்ச் சார்ஜனிடம் சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்ன சொல்வது என்றுதான் முடிவாகவில்லை. அகதா தன்னைப் பிடித்து அடைத்துவிட்டால் அம்மா என்ன செய்வாள் என்று நினைத்து அழுதாள். மார்த்தா விஷயம் தெரியாமலே பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகக் கொஞ்சம் அழுதாள்.

ஆனால் காலை மருந்து நேரம் சார்ஜனுக்காகக் காத்திருக்காதே. முதலில் லாரி போயிற்று. வாசலை நட்டு முடிப்பதற்குள் ராமசாமி முதல் ஆளாக வந்து நின்றான். தோளில் கோணிச் சுருட்டு ஒன்று. கதவைத் திறந்து உள்ளே வந்து, கதவை மூடி, சுருட்டை மருந்துப் பெட்டிமேல் வைத்துப் பிரித்தான். உள்ளே ஒரு துப்பாக்கி, எண்ணெய் போட்டுப் பளபளவென்று இருந்தது.

முனியாண்டியின் கை தன் தோளுக்குப் போனது.

"அதெல்லாம் வேணாம், அண்ணே. நான் சரண்டர் ஆக வந்திருக்கேன்." அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னால முடியல. ஒரு வாட்டி வர ஒன்றரை மணி நேரம், போக ஒன்றரை மணி நேரம். காலை மருந்தைக் குடிச்சிட்டு மேல போய்ச் சேர்றதுக்குள்ள மத்தியான மருந்துக்கு நேரமாயிடுது. சோறு திங்க நேரமில்ல, தூங்க நேரமில்ல. அங்கே இருக்கவனுங்க வேற, தினம் மூணு வாட்டி எங்கேடா போறே, காட்டிக்குடுக்கத்தானேன்னு கேக்குறானுங்க. நீங்க ஏழு நாள்ன்னீங்க. இன்னும் நாலு நாள் இருக்கு. இங்கேயே இருந்துட்டேன்னா சுலபமா இருக்கும்."

முனியாண்டி அகதாவைப் பார்த்தார். அகதா அவரைப் பார்த்தாள்.

"முதல்ல மருந்தைக் குடி," என்றார் முனியாண்டி. கரண்டி நுனியை நாக்கில் வைத்தார். "கசப்பு சரி."

அவன் உண்மைப் பெயர் தங்கராஜு. மதியத்துக்குள் ஆஸ்பத்திரி வார்டில், காலில் சங்கிலியோடு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியான மருந்துக்கு எழுப்புவதற்குள் மார்த்தாவுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஜீப்புகள் வந்தன. கமிட்டிக்காரர்கள் வந்தார்கள். முனியாண்டியை வாசலோடு சேர்த்து நிறுத்திப் படம் பிடித்தார்கள். பயங்கரவாதியைத் தந்திரமாக மருந்து காட்டி வரவழைத்துப் பிடித்ததாக ஓர் அறிக்கை தயாராயிற்று. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"நான் தந்திரம் பண்ணலியே," என்றார் முனியாண்டி. "வாயைத்தான் பாத்தேன்."

"சும்மா போடு லா," என்று சார்ஜன் யூசோப் கெஞ்சினார். "உனக்குப் பதவி உசரும், சட்டையில கோடு கிடைக்கும். எனக்கும் கிடைக்கும்."

"பொய்க்குப் போடமாட்டேன், சார்ஜன்."

கடைசியில் அவர் தானே ஒரு தாள் எடுத்து, பெரிய எழுத்தில் எழுதினார். 'காய்ச்சல்காரர் வந்தார். மருந்து விழுங்கினார். நாக்கடியில் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் போகவில்லை.' கமிட்டி அதை நெடுநேரம் படித்தது. விதி மீறப்பட்டதாக அதில் ஓர் இடத்திலும் இல்லை. யார் விழுங்க வேண்டும் என்று தங்கள் தாளில் எழுதவே இல்லை என்பதை அப்போதுதான் அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பிறகு சார்ஜன் அகதாவை மருந்தறையில் தனியாகப் பார்த்தார். முன்னால் நோயாளிப் புத்தகம் திறந்திருந்தது.

"இந்த ஏழுங்கிறதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இல்லாத டிவிஷன்னு தெரிஞ்சா எழுதினே?"

அகதா பொய் சொல்லலாமா என்று பார்த்தாள். மூன்று மாதமாக முனியாண்டியின் பக்கத்தில் நின்றதில் அது வரவில்லை. "தெரிஞ்சுதான். காய்ச்சல் நூத்தி நாலுக்கு மேல இருக்கும்போல இருந்துச்சு."

சார்ஜன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தப் பெண்ணைப் பிடித்தால் அறிக்கை கிழியும். படம் பிடித்தது வீண். கோடும் போய்விடும்.

"புத்தகம் தப்பா இருக்கக்கூடாது," என்றார் கடைசியில். "அப்போ தோட்டத்தைத்தான் சரி பண்ணணும்."

அந்த வாரமே மேனேஜர் துரை காட்டோரத்தில் லாலாங் புல் மண்டிய நாலு ஏக்கர் சதுப்பைச் சுற்றித் தோட்ட வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, ஏழாம் டிவிஷன் என்று பெயர் வைத்தார். ஐந்தும் ஆறும் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கென்று வேலையாட்களை மேற்பார்க்க ஒரு தண்டல்கூட நியமிக்கப்பட்டார். அவர் தினமும் காலையில் போய் லாலாங்கைப் பார்த்துவிட்டு வந்தார்.

தங்கராஜு ஏழு நாள் மருந்தையும் ஒழுங்காகக் குடித்து முடித்தான். சிரம்பானுக்குக் கொண்டுபோன அன்று அகதாவிடம், "இனிமே காய்ச்சல் வராதுல்ல, மிஸ்ஸி?" என்று கேட்டான். "கொசு கடிச்சா வரும்," என்றாள் அவள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது.

செப்டம்பரில், டாக்டர் எட்மண்ட் எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது. அகதாவின் நீலப் புத்தகத்தில் அதற்குள் ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு கட்டங்கள் நிரம்பியிருந்தன. கான்ஸ்டபிள் ஒருவரின் கையெழுத்து மருந்துப் பயிற்சிக்குச் செல்லாது என்று பயிற்சி வாரியம் முடிவு செய்திருந்தது. ஆனால் சரணடைந்த ஆசாமிக்குக் கொடுக்கப்பட்ட இருபத்தொரு வேளை மருந்தும் அரசாங்க ஆவணங்களில் பதிவாகி, வேலை செய்ததாகவும் நிரூபணமாகிவிட்டதால், அந்த இருபத்தொன்றை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். மிச்சத்துக்கு இனி டாக்டரே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அகதா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பயிற்சியே வேண்டாம், ரஹாங்குக்கே போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். முனியாண்டி கடிதத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது.

"என்னா சொல்றாங்க?"

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தஞ்சு போச்சுண்ணே. உங்க கையெழுத்து செல்லாதாம்."

அவருடைய முகம் சிறுத்துவிட்டது. "ஒண்ணுகூடத் தெரியாம போடலியே, மிஸ்ஸி. எல்லாத்தையும் குடிச்சுப் பாத்துட்டுத்தானே போட்டேன்."

"அது எனக்குத் தெரியும்ணே," என்றாள் அகதா. அப்போதுதான் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மார்த்தா ஓடிவந்து என்ன ஏதென்று கேட்காமல் இரண்டிலும் கலந்துகொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பஞ்சாலை குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தைக்குச் சளி. அகதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, அளவு கிளாஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இருபத்திரண்டாவது மருந்தைக் கலக்க ஆரம்பித்தாள்.